பாதை வரும்வரை

ஞாயிறு. ஐந்தே முக்கால்.
கல்லடிப் பழைய பாலத்தில்
இரும்புச் சட்டங்களுக்கு இடையால்
வாவி துண்டு துண்டாக விடிகிறது.
தூண்டில்காரர் இருவர் கால் மடக்கி இடம் தந்தார்கள்.
மீன் பாடுமாமே, கேட்டிருக்கிறீங்களா என்று
கொழும்பிலிருந்து வரும் ஓடிட்டர் கேட்பார்.
எனக்குக் கேட்பது செயின் கவர் உரசுவதுதான்.

கிழமையில் ஐந்து நாள்
கூட்டுறவுச் சங்கத்தில் பேரேடு.
அரிசி வந்தது, அரிசி போனது,
இரண்டு ரூபாய் உதைத்தால்
இரவு ஏழு மணிவரை அந்த இரண்டு ரூபாயைத் தேடுவேன்.
சனியில் உடுப்புத் தோய்ப்பு.
ஞாயிறு மட்டும் கணக்கில்லாமல்
என்று சொல்ல ஆசைதான், ஆனால்
செல்டன் பின்சில்லில் ஒரு மீற்றர் பூட்டிவிட்டான்.
"முன்சில்லில்தானே பூட்டுவாங்க?"
"முன்னுக்குக் கூடை கிடக்கு மிஸ். சில்லு சில்லுதானே."

காத்தான்குடியில் பேரீச்சை மரங்கள்
தெரு நடுவே வரிசையாக நித்திரை.
ஒரேயொரு கடை திறந்து
பராட்டாக் கல்லுக்கு எண்ணெய் பூசுகிறது.
ஆரையம்பதி, கிரான்குளம்.
இடப்பக்கம் கடல் இருக்கிறது, தெரியவில்லை.
வலப்பக்கம் வாவி இருக்கிறது, தெரியவில்லை.
நடுவே ஒரு தார்க்கோடும் நானும்.
பஸ் ஒன்று ஹோர்ன் அடித்தபடி
என்னை மணலுக்கு இறக்கிவிட்டுப் போனது.

குருக்கள்மடத்தில் மேற்கே கிறுகினால்
தெரு நேராகத் தண்ணீருக்குள் போய் முடிகிறது.
போனிலுள்ள வரைபடம் திரும்பிப் போ என்கிறது.
பாவம், அதற்கு எங்கள் பாஷை தெரியாது.
மட்டக்களப்பில் பாதை என்பது
தெரு முடிந்த இடத்துக்கு
மிதந்து வரும் இரும்புத் தட்டு.
"பாதை அக்கரையில நிக்கு,
வந்தா ஏறலாம்" என்றார் இறால் வாளிக்காரர்.

வந்தது.
மோட்டார் சைக்கிள் நாலு, உரப்பை,
வெறும் தயிர்முட்டி அடுக்கிய லாண்ட்மாஸ்டர்,
ஒரு தாயும் மகனும், நான்.

நடுவாவியில் என்ஜின்
இருமி,
இன்னொருமுறை இருமி,
நின்றது.

தகரத்தைத் தண்ணீர் தட்டிக்கொண்டிருந்தது.
யாரோ போனில் "நடுவால நிக்கிறம்" என்றார்கள்.
தூரத்துக் கண்ணாப் பற்றையில் நீர்க்காகம் ஒன்று
இறகை விரித்துக் காயவைத்தபடி
எங்களைப் பாராமல் இருந்தது.
காற்று எங்களை மெல்ல
வந்த கரைக்கும் இல்லாமல் போகும் கரைக்கும் இல்லாமல்
தெற்கே தள்ளியது.

பையனுக்கு ஆறு வயதிருக்கும், முன்பல் இல்லை.
என் சைக்கிள் இரட்டை ஸ்டாண்டில் நிற்பதைப் பார்த்தான்,
பின்சில்லு கீழே படாததைக் குனிந்து பார்த்தான்.
"அன்ரி, நீங்க மிதிச்சாப் போகுமா?"
"போகாது."
"மிதிச்சுப் பாருங்களன்."
தாய் "டேய் டிருசன்" என்று தொடங்கி
பிறகு அவளும் என்னைப் பார்த்தாள்.

ஏறி உட்கார்ந்தேன்.
கணக்குப்பிள்ளை, வயது நாற்பத்தொன்று, நடுவாவியில்
மிதித்தேன்.
சில்லு சுற்றியது, கம்பிகள் காணாமல் போயின.
உரப்பைக்காரர் "இன்னும் கொஞ்சம் இறுக்கி" என்றார்.
லாண்ட்மாஸ்டர்க்காரர் சிரிக்கவில்லை,
வாயிலிருந்த பீடியைப் பற்றவைக்க மறந்திருந்தார்.
பையன் விளிம்புக் கம்பியில் தாடையை வைத்து
தண்ணீரையே பார்த்திருந்துவிட்டு அறிவித்தான்:
"போகுது!"

அந்நேரம் பார்த்து என்ஜின் பிடித்தது.
பாதைக்காரர் எண்ணெய்க் கையோடு எழும்பினார்,
யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.

மறுகா அம்பிளாந்துறை,
கதிர் தலைசாயத் தொடங்கிய வட்டைகள்,
வாய்க்கால் கட்டில் எதிரே வந்த எருமைகளுக்காக
இறங்கி நின்ற பத்து நிமிடம்,
கொக்கட்டிச்சோலையில் ஒரு சோடா,
வலையிறவுப் பாலத்தில் முகத்தில் அறைந்த வெயில்.
வந்த வழியை ஒருதரமும் மிதிக்காமல்
வீடு.

மீற்றரில் நாற்பத்தேழு தசம் மூன்று.
அதில் ஏறக்குறைய அரைக் கிலோமீற்றர்
நின்ற இடத்திலேயே ஓடியது.
வேலைநாளென்றால் இப்படியானதைச்
சிவப்பு மையால் அடித்துக் கழித்துவிடுவேன்.

கொப்பியை எடுத்து அப்படியே எழுதினேன்:
47.3